முகமூடிக்குள் ஒரு சாது

இரும்பு தேய்க்கும் பட்டறையில் கிரைண்டர் அக்கா வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் வேலை நேரத்தில் தலையில் ஹெல்மெட், அதோடு சேர்ந்த காது மூடிகள், முகத்தில் தூசி முகமூடி. அடித்தொண்டையிலிருந்து அவள் போடும் கூச்சலெல்லாம் முகமூடியைத் தாண்டும்போது வெறும் முணுமுணுப்பாகிவிடும்.

மேலே கிரேன் ஓட்டுபவர் இதைக் கண்டு ஏமாந்துபோனார். "அந்தம்மா ரொம்ப சாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாங்க" என்று வீட்டில் சொல்லிவைத்தார். அவருடைய மகனைத்தான் அக்காவின் மகள் காதலிக்கிறாள். அந்த நல்ல பெயரை நம்பித்தான் அவர் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் பேச மகனோடு வருகிறார்.

"அம்மா, உன் கால்ல விழறேன். அவர் இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்காத!" என்றாள் மகள்.

"நான் எங்கடி சத்தமாப் பேசறேன்?" என்று அக்கா போட்ட சத்தம் எதிர்வீடு வரை போனது.

அவள்தான் என்ன செய்வாள்? முகமூடியின் பட்டையைக் காது மூடிக்கு அடியில் விடாதீர்கள் என்று பாதுகாப்பு அதிகாரி தலைபாடாய் அடித்துக்கொண்டார். மேலே போட்டால் நழுவுகிறதென்று அவள் அடியில்தான் விடுவாள். அந்த இடுக்கு வழியாக இரைச்சல் வருஷக்கணக்கில் உள்ளே புகுந்து காதை மந்தமாக்கிவிட்டது. தன் குரலே அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

கிரேன்காரர் வந்து உட்கார்ந்தார். சாதுவான அம்மா மிரண்டுவிடக் கூடாதென்று மகன் அவரை மெதுவாகப் பேசச் சொல்லி அழைத்து வந்திருந்தான். அதனால் அவர் குசுகுசுவென்று பேசினார். அக்காவுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினாள்.

"என் பையன்கிட்ட ஏதாவது குறை தெரியுதாங்க?" என்று அவர் கேட்டார். அதற்கும் பலமாகத் தலையாட்டினாள்.

மகளுக்கு உயிரே போய்விட்டது. கிரேன்காரர் முகம் வாடி எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தபோது, அவர் காதுக்குப் பின்னால் கறுத்த கோடு ஒன்று தெரிந்தது. முகமூடிப் பட்டை அழுத்தி, தினமும் கண்ணாடியில் அக்கா பார்க்கிற அதே தழும்பு.

"பட்டையை நீங்களும் அடியிலதான் விடறீங்களா?" வீடு அதிர்ந்தது.

"மேல போட்டா நழுவுதே!" அவர் போட்டது அதைவிடப் பெரிய சத்தம்.

"நீங்க கேட்டது ஒண்ணும் காதுல விழலைங்க! இன்னொரு தரம் கேளுங்க!"

"என் பையன்கிட்ட என்ன குறை?"

"தங்கமான பையன்! ஒரு குறையும் இல்ல!"

சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடிவந்த எதிர்வீட்டுக்காரர், சம்பந்திகள் இருவரும் சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். மகளும் வருங்கால மருமகனும் ஒருவரையொருவர் பார்த்தபடி மெல்லக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.