ஞாயிற்றுக்கிழமை வண்டி

“நாலு எழுத்துப் படிச்சிட்டா ரயிலு ஒன் பேச்சக் கேக்குமா, தங்கச்சி?”

செங்கல் ஏற்றிய மாட்டுவண்டியை எங்கள் ரயில்வே கேட்டின் முன் நிறுத்திக்கொண்டு வண்டிக்காரர் என்னிடம் கேட்டது இது. அவருக்குச் சிரிப்பு, எனக்குக் கோபம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவும் ஆங்கிலப் பள்ளி.

அப்பா பிரிக்பீல்ட்ஸில் கேட்டுக்காரர். கோலாலம்பூர்க் கடைகளைச் செங்கல்லில் கட்டத் தொடங்கிய காலத்தில் இங்கேதான் களிமண் வெட்டிச் சுட்டார்கள். வெட்டிய குழிகளில் மழைநீர் தேங்கி, ஊரே குளமும் வரப்புமாக ஆகிவிட்டது. அதற்கு நடுவே ரயில் பட்டறையும் எங்களைப் போன்றவர்களின் வீடுகளும். சூளையிலிருந்து வரும் ஒரே வண்டிப் பாதை, எங்கள் கேட்டில்தான் கிள்ளான் ஊருக்குப் போகும் தண்டவாளத்தைக் கடக்கும். சூளைச் சுவர் மறைப்பதால் ரயில் கண்ணில் படும்போது மிக அருகில் வந்திருக்கும்.

அந்த மாதம் அப்பா மலேரியாக் காய்ச்சலில் கிடந்தார். அவருக்குப் பதிலாக அம்மா கேட்டைப் பார்த்துக்கொண்டாள். தெரிந்தால் வேலையும் போகும், ரயில்வே கொடுத்த வீடும் போகும். தண்டவாளத்தில் இன்ஸ்பெக்டரின் டிராலிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் அம்மாவை வீட்டுக்குள் அனுப்புவேன். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, கடிகாரமும் தெரியாது. வெறுங்காலைத் தண்டவாளத்தில் வைத்து, அதிர்வை உணர்ந்து கேட்டை மூடுவாள்.

புதிய கால அட்டவணை வந்தது. நான்தான் வாசித்தேன். “கிள்ளான் வண்டி இனி நாலரைக்கும்மா,” என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் மாலை, நாலரைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அம்மா தண்டவாளத்திலிருந்து பாதத்தை எடுத்தாள். “அதிருது பாப்பா. சாத்திடுறேன்.”

“அச்சுல போட்டிருக்கும்மா! ஒங்க காலு என்ன கடிகாரமா?”

கேட்டுக் கம்பியைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றது. படித்த மகள் சொல்கிறாளே என்றுதான் நின்றாள். அதற்குள் அதே செங்கல் வண்டி தண்டவாளத்தில் ஏறிவிட்டது. சூளைச் சுவருக்கு மேலே புகை தெரிந்தது. அம்மா ஓடினாள். சக்கரத்துக்குத் தோள் கொடுத்தாள். வண்டிக்காரர் மாடுகளை அடித்துக் கத்தினார். நான் அட்டவணையைப் பிடித்தபடி நின்றேன். ரயில், மாட்டுவண்டியின் பின்கட்டையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனது. மனிதருக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அடங்கிய பிறகுதான் அட்டவணையை மறுபடி பார்த்தேன். நான் வாசித்தது ஞாயிற்றுக்கிழமைக்குரிய பத்தி. அன்று புதன்கிழமை.

“வண்டி முன்னாலயே வந்துருச்சி,” என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அவள் அதை நம்பினாள். நான் அட்டவணையை மடித்து என் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்தேன்.

மறுநாள் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வந்தார். காய்ச்சலோடு எழுந்து நின்ற அப்பா, “நாந்தான் துரை கேட்டுல இருந்தேன்,” என்றார். துரை ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி, அப்பாவிடம் கைநாட்டு வாங்கி, நகலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

“என்ன போட்டிருக்கான், வாசி,” என்றார் அப்பா.

வேலை நேரத்தில் தூங்கினார் என்று எழுதியிருந்தது. அதைச் சொன்னால் அப்பா கேள்வி கேட்பார், கேள்வி என்னிடம் வந்து நிற்கும். “இனிமே கவனமா இருக்கணுமாம்பா,” என்றேன்.

ஆறு வருடம் அப்படியே போனது. ஸ்டேஷன் வேலைக்கு அப்பா இரண்டு முறை கேட்டும் கிடைக்கவில்லை. தலையெழுத்து என்றார். போன வாரம் மூன்றாவது மனுவை என்னை எழுதச் சொன்னவர், டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். “இதயும் வச்சுத் தை. துரை கையெழுத்து இருக்குல்ல, ஒரு மதிப்பு.”

தாளை வாங்கி, எழுதியிருந்தபடியே வாசித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைச் சொன்னேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தூங்குனேன்னா எழுதியிருக்கான்?” என்றார் அப்பா. “இருவது வருசத்துல ஒரு நாள் கண்ணு மூடுனதில்ல. உள்ளத எழுது.”

“அம்மா கேட்டுல நின்னதயுமாப்பா? வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டா?”

“எழுதுன்னேன்ல.”

எழுதினேன். அப்பாவின் கைநாட்டுக்குக் கீழே, தவறாக வாசித்தவள் நானே என்று என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டேன். இன்று காலை ரயில்வே அலுவலகத்துக்குத் தனியாக நடந்துபோய், குமாஸ்தாவின் மேசைமேல் அந்த மனுவை வைத்துவிட்டு வந்தேன்.