எங்க வீட்டுக்காரர் போட்டுக்கொண்ட ஊசி

கல்யாணத்தின்போது எங்க வீட்டுக்காரர் மெலிந்த உடம்புக்காரர். எடுத்து வந்த மாப்பிள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. பிடித்துத் தைக்க முதல் நாள் சாயங்காலம் ஆள் தேடி அலைந்தார்களாம். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கிணத்துக்கடவில் அவருக்குத் தேங்காய் வியாபாரம். தோப்புகளுக்குப் போய்க் காய் பேசி வாங்கி, களத்தில் மட்டை உரித்து, லாரி ஏற்றி அனுப்புவார். நான் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பேருக்கும் வேலைக்குக் குறைவில்லை.

அவருடைய சொந்தக்காரர்கள் அவரை ஈர்க்குச்சி என்று கேலி செய்வார்கள். எங்கே போனாலும், "ஏனம்மணி, ஊட்டுல மாப்ளைக்குச் சோறு கீறு போடறதில்லையா?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்கு வெகுகாலம் தெரியாது.

முப்பத்தைந்து வயது நெருங்கும்போது ஜிம்முக்குப் போக ஆரம்பித்தார். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அது. அதை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஆணழகன் போட்டிகளில் பரிசு வாங்கியவர். ஆள் மலை மாதிரி இருந்தாலும் பேச்சு மெதுவாக இருக்கும். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

முதல் வருஷம் எல்லாம் சாதாரணமாகத்தான் போனது. காலையில் முட்டை, மத்தியானம் கோழி, வேர்வையில் நனைந்த பனியன்கள். உடம்பு கொஞ்சம் உருண்டு வந்தது. கேலியும் குறைந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் வருஷம் நடந்தது வேறு. சட்டையின் கையைப் பிரித்து விட்டுக் கொடுப்பேன். அடுத்த மாதமே அதுவும் பிடிக்கும். பிரிக்கத் துணி இல்லாமல் போனதும் புதிதாகவே தைக்க வேண்டியதாயிற்று. அளவு நாடாவைப் புஜத்தில் சுற்றும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். என்ன அளவு என்று நான் சொல்லக் காத்திருப்பார். உடம்பு இவ்வளவு சீக்கிரம் வளருமா என்று எனக்குள் ஓடியது. முதுகெல்லாம் பெரிய பெரிய பருக்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் முகம் சிவந்து வேர்த்தது. களத்தில் ஆட்களிடம் ஒரு சொல் கடிந்து பேசாதவர், மட்டை ஒழுங்காக அடுக்கவில்லை என்று கத்தினார் என்று கேள்விப்பட்டேன்.

"ஏனுங்க, என்னதான் சாப்பிடறீங்க அங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பவுடருதான் அம்மணி. பால்ல கலக்கிக் குடிக்கறது. எல்லாருந்தான் குடிக்கறாங்க."

பவுடர் டப்பா சமையலறை மேடையில்தான் இருந்தது. நான் நம்பினேன்.

பொள்ளாச்சியில் நடக்கவிருந்த ஓர் ஆணழகன் போட்டிக்கு அவர் பேர் கொடுத்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நான் பேசிக்கொண்டே அவர் மார்பில் தலையைச் சாய்த்தேன். காதில் கேட்ட துடிப்பு சரியாக இல்லை. நாலைந்து துடிப்பு அவசரமாக ஓடியது. ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்று பலமாக அடித்தது. மறுபடி ஓட்டம். நாள் முழுக்க மெஷின் சத்தத்தைக் கேட்டு வாழ்கிறவள் நான். தையல் விடுகிற மெஷினைப் பக்கத்து அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். இதுவும் அப்படித்தான் இருந்தது.

"உங்க நெஞ்சு என்னங்க இப்பிடி அடிக்குது?"

"நேத்து எடை கொஞ்சம் அதிகமாத் தூக்கிப்போட்டேன். சரியாயிரும்."

சாயங்காலம் மறுபடி காதை வைத்துப் பார்த்தேன். சீராக இருந்தது. நான் பயந்தது அதிகம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, காலையில் லாரி ஏற்றிக்கொண்டிருக்கும்போது களத்திலிருந்து போன் வந்தது. மட்டை உரிக்கும் அக்கா பேசினார். "அம்மணி, அண்ணன் மட்டைக் குமி மேல உக்காந்துட்டாருங்க. எந்திரிக்க முடியலைங்கறாரு."

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். துடிப்பு விரலுக்கடியில் தாறுமாறாக ஓடியது. "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடிச்சா போயிரும்" என்றார். அதற்குள் மாஸ்டரிடமிருந்து அவர் போனுக்கு அழைப்பு. எடுத்து நான் விஷயத்தைச் சொன்னேன். எப்படி ஆயிற்று என்றுகூட அவர் கேட்கவில்லை. "காரெடுத்துட்டு வாரேனுங்க அக்கா. கோயமுத்தூருக்கே போயிரலாம்" என்றார்.

என் மாமியாரும் கூட வந்தார். மாஸ்டர் ஓட்டினார். ஏசி ஓடியும் அவருடைய பின்கழுத்து வேர்த்திருந்தது. உக்கடம் பாலத்தில் ஏறும்போது கண்ணாடி வழியாக எங்க வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ எனக்குத் தெரியாத விஷயம் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இருதய டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ஈசிஜி தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டையும் ஒரு முறை பார்த்தார்.

"தைராய்டு இருக்கா? குடிப்பழக்கம்?"

"இல்லீங்க."

"ரத்தம் இவ்வளவு கெட்டியா இருக்கே. ஜிம்முல ஊசி ஏதாவது போட்டுக்கறீங்களா?"

அவர் பக்கத்தில் நின்ற தன் அம்மாவை ஒரு முறை பார்த்தார். "அதெல்லாம் இல்லீங்க டாக்டர்."

டாக்டர் மேலே கேட்கவில்லை. வந்துவிடுகிறேன் என்று அடுத்த கட்டிலுக்குப் போனார். மாமியாரை உட்கார வைக்க நான் வெளியே கூட்டி வந்தேன். வராந்தாவில் மாஸ்டர் சுவரோரமாக நின்றிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அந்த இடத்தில் எப்படி நிற்பதென்று தெரியாமல் ஒடுங்கியிருந்தது.

"அக்கா, டாக்டர்கிட்ட மறைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"எதைங்க?"

"ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டு இருந்தாருங்க. ஒரு வருசமா. நாந்தான் போட்டு விட்டேன். நானும் போடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு நெனச்சுத்தான்..."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைக் காட்ட அது நேரமில்லை. உள்ளே போனேன். "மாஸ்டரு சொல்லிட்டாருங்க. அத்தை வெளிய இருக்காங்க. நீங்களே டாக்டர்கிட்டச் சொல்லிருங்க" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். டாக்டர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். என்ன மருந்து, வாரத்துக்கு எத்தனை முறை, தொடையிலா இடுப்பிலா என்பதெல்லாம். டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருதயத்தோட மேல் அறை சுருங்கி விரியணும். உங்களுக்கு அது இப்ப சும்மா நடுங்கிட்டு இருக்கு. அப்படி நடுங்குனா ரத்தம் அங்கயே தேங்கி உறையலாம். ஒரு துளி கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். இந்த ஊசி கை தசையை மட்டும் வளர்க்கறதில்ல. இருதயமும் தசைதான். அதோட சுவரும் தடிக்கும், பிரஷர் ஏறும், ரத்தம் கெட்டியாகும். தாளம் தப்பறதுக்கு எல்லாமே வழி. சில பேருக்குக் கீழ் அறையில தப்பும். அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரமே இருக்காது."

"ஊசிதான் காரணம்னு உறுதிங்களா?" என்று கேட்டேன்.

"நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா வேற காரணம் எதுவும் எனக்குத் தெரியல. நிறுத்தியே ஆகணும்."

நரம்பில் ஏற்றிய மருந்தில் தாளம் திரும்பவில்லை. உள்ளே ரத்தக்கட்டி இல்லையென்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு, மறுநாள் காலை மயக்கம் கொடுத்து மார்பில் கரண்ட் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். விஷயத்தை அவரிடம் அதற்குள் சொல்லியிருந்தேன். அழுவார் என்று நினைத்தேன். முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அவங்கப்பனும் ஒல்லிதான் கண்ணு. கடைசி வரைக்கும் தோப்புல நடந்தாரு. இவனுக்கு யாரு என்ன கொறை வெச்சாங்கன்னு இப்பிடிப் பண்ணிப்போட்டான்" என்றார்.

நர்ஸ் வந்து கூப்பிட்டபோது ஓடினேன். அவர் அரைமயக்கத்தில் இருந்தார். தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு ஒரே இடைவெளியில் எழுந்து எழுந்து போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சிரமமான காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஊசியை நிறுத்தியதும் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனைச் சுரக்க மறந்துவிட்டிருந்தது. அதற்கென்று வேறொரு டாக்டரையும் பார்த்தோம். திரும்பி வரும், பொறுமை வேண்டும் என்றார். அந்தப் பொறுமைக்கு மாதக்கணக்கு ஆயிற்று. களத்துக்குப் போகாமல் படுத்தே கிடப்பார். சாப்பாட்டில் ருசி இல்லை என்பார். டிவியில் ஏதோ விளம்பரம் ஓடும், கண்ணைத் துடைத்துக்கொள்வார். தோளும் புஜமும் நாளுக்கு நாள் வற்றின. நான் தைத்துக் கொடுத்த சட்டைகள் அலமாரியிலேயே கிடந்தன. முழுக்கைப் பனியனைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தார்.

ஒரு நாள் காலையில், நான் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது முன்னறைக்கு வந்து நின்றார்.

"அம்மணி, அந்த நாடாவ எடு."

"எதுக்குங்க?"

"எடேன்."

கையை நீட்டினார். சுற்றினேன். ஊசி போட்ட காலத்தில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னேன்.

"பழையபடி ஈர்க்குச்சி ஆயிட்டேன், இல்ல?"

"ஆமாங்க. நான் அந்த ஆளத்தான் கட்டிக்கிட்டேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் வெட்டி முடிக்கும் வரை துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் களத்துக்குப் போனார்.

வெளியே நடமாட ஆரம்பித்ததும் பார்க்கிறவர்களெல்லாம், "என்னங்க மாப்ள இப்பிடி எளைச்சுட்டீங்க, சக்கரையா?" என்று கேட்டார்கள். முதலில் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அந்தப் பதிலுக்கு யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். ஒரு நாள் கோயில் வாசலில் தூரத்து மாமா ஒருவர் கேட்டபோது, "சக்கரை இல்லீங்க மாமா. உடம்பு ஏறறதுக்கு ஊசி போட்டேன், இருதயத் துடிப்பு தப்பிப்போச்சு. நிறுத்திட்டேனுங்க" என்றார். மாமா அவர் தோளில் கை வைத்தார். "இப்பத் தேவலைங்களா?" "தேவலைங்க." அவ்வளவுதான் பேச்சு. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மனசு லேசாயிற்று.

மாஸ்டர் ஒரு சாயங்காலம் ஆப்பிள் பையோடு வந்தார். எனக்கு அவர்மேல் கோபம் முழுதாகத் தீர்ந்திருக்கவில்லை. காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த டாக்டரம்மாவ நானும் ஒருக்கா பாக்கலாம்னு இருக்கேனுங்க அக்கா. தனியாப் போக ஒரு மாதிரி இருக்குது" என்றார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாஸ்டரை அழைத்துப் போனது நாங்கள்தான்.

எக்கோ ஸ்கேனில் அவருடைய இருதயச் சுவர் தடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க உடம்பில் ஒரு சின்னக் கருவியை ஒட்டி அனுப்பினார்கள். அதில் கீழ் அறையிலிருந்து வேண்டாத துடிப்புகள் பதிவாகியிருந்தன. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லையாம், ஒரு படபடப்புகூட. அதைச் சொன்னபோது டாக்டர், "அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். மாத்திரை கொடுத்தார்கள். ஊசியை அடியோடு விடச் சொன்னார்கள். மற்றவர்களுக்குப் போட்டு விடுவதை அவர் அன்றோடு நிறுத்தினார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தனக்குப் போட்டுக்கொள்வதை நிறுத்தினாரா என்பது தெரியாது. ஒரு தடவை கேட்டதற்கு, "கொறைச்சுட்டேனுங்க அக்கா" என்றார். அவருடைய மனைவி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வழியில் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை.

எங்க வீட்டுக்காரருக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை துடிப்பு தப்பியது. மாத்திரை எடுத்துக்கொண்டு படுத்ததில் கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாயிற்று. இப்போது காலையில் தோட்டத்துப் பாதையில் நடக்கிறார். ஜிம்முக்கும் வாரத்தில் சில நாள் போகிறார், டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான். சின்ன எடைகள் மட்டும்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். ரத்தம் சாதாரண நிலைக்கு வந்துவிட்டது, சுவரின் தடிப்பும் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு மாத்திரையை நிறுத்தினார். "இனிமே வராதுங்களா?" என்று அவர் கேட்டார். "வராதுன்னு வாக்குக் கொடுக்க முடியாது. வந்தா மறைக்காம உடனே வாங்க" என்றார். வெளியே வந்ததும், "பரவால்ல, உண்மையச் சொல்றாங்க" என்றார் இவர்.

அன்றைக்கே ஆர்.எஸ்.புரத்தில் எனக்கு லைனிங் துணி வாங்க வேண்டியிருந்தது. வண்டி நிறுத்த இடமில்லை. அவர் ஓரமாக நின்றுகொள்கிறேன் என்றார். நான் துணி எடுத்து வரும்போது, கம்புக்கூழ் தள்ளுவண்டிக்காரரிடம் தேங்காய் விலையைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அம்மணி, நீயும் ஒரு டம்ளர் குடி" என்று இடம் விட்டு நின்றார்.