நீலம் பாரித்த கிழங்கு

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு சயன்ஸ் எடுத்த வாத்தியாருக்குப் பரிசோதனை என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில்தான் அதற்கு ஒரு சாமானும் கிடையாது. எங்கள் வீட்டு அடுக்களையில் எல்லாம் இருந்தது. அங்கே நான் மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்து ரத்தம் வரவைத்தேன். தண்ணீரில் மூழ்கிக் கிடந்த கோழிமுட்டையை, உப்பை அள்ளிக் கொட்டி மிதக்கவைத்தேன். ஐந்து வயதுத் தம்பி தேங்காய்ச் சிரட்டையைத் தட்டி ஆரவாரம் செய்வான். அவன் தட்டத் தட்ட எனக்குத் தலைகால் புரியாது. பாழாய்ப்போன உப்புக்காக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அரிசி கிடைக்காத வருடங்கள் அவை. நாஞ்சில் நாட்டில் பிறந்துவிட்டு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கால் வயிற்றை நிரப்ப வேண்டியிருக்கிறதே என்று அப்பா முனகிக்கொண்டேதான் தின்பார்.

ஒரு நாள் வாத்தியார் சட்டைப்பையிலிருந்து, காயத்துக்குப் போடுகிற டிஞ்சர் அயோடின் குப்பியை எடுத்து, ஒரு சோற்றுப் பருக்கையில் ஒரு சொட்டு விட்டார். பழுப்பு மருந்து பட்டதும் பருக்கை கருநீலமானது. மாவுச்சத்து இருந்தால் இப்படித்தான் மாறும் என்றார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் புத்தி எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. மண்வெட்டி வெட்டிய காலுக்குப் போட அப்பா வாங்கிவந்த டிஞ்சர் அங்கே இருந்தது. "இதை ஆராவது தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்று சொல்லித்தான் அங்கே வைத்திருந்தார். அப்பா சொன்னதைச் செய்கிறவர்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வேகவைத்த கிழங்கும் சாளைமீன் கறியும் தின்றோம். அப்பா வண்டி பூட்டிக்கொண்டு கோட்டாறு சந்தைக்குப் போனார். அம்மா நாலு மாதத் தங்கையைத் தூங்கவைத்துவிட்டு, துணி அலசக் கால்வாய்க்குப் போனாள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

உப்பில் ஒரு சொட்டு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. தேங்காய்ச் சில்லில் விட்டேன். அதுவும் அப்படியே இருந்தது. தம்பியின் முகம் தொங்கிவிட்டது. ராத்திரிக்கென்று அம்மா சட்டியில் மூடிவைத்திருந்த கிழங்கில் ஒரு துண்டை எடுத்துச் சொட்டு விட்டேன். கண்முன்னே நீலமாக மாறியது. தம்பி துள்ளினான்.

"இன்னும் விடுக்கா, இன்னும்!"

சட்டிக்குள்ளேயே விட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துச் சொட்டு இருக்கும். வாசலில் அம்மாவின் காலடி கேட்டதும் சட்டியை மூடிவிட்டு, குப்பியைப் பாவாடையில் செருகிக்கொண்டு இருவரும் புறவாசலுக்கு ஓடினோம்.

கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள். யாரையும் கூப்பிடவில்லை, திட்டவில்லை, வெறும் கத்தல். நான் உள்ளே போனபோது திறந்த சட்டியைப் பார்த்தபடி நின்றாள். மத்தியானம் வெள்ளை வெளேரென்று இருந்த கிழங்கு திட்டுத் திட்டாக நீலம் பாரித்துக் கிடந்தது. மீன்கறி வாசத்தில் டிஞ்சர் மணம் அடங்கிப் போயிருந்தது.

மரச்சீனியில் விஷக்கிழங்கும் உண்டு என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதன் தோலைத் தின்று செத்த ஆட்டை நானே பார்த்திருக்கிறேன். கடற்கரையில் ஏதோ ஓர் ஊரில் கிழங்கு தின்ற குடும்பம் ஒன்று படுத்த படுக்கையானதாகப் போன வாரம்தான் பேசிக்கொண்டார்கள். விஷம் ஏறினால் நீலம் பாரிக்கும் என்பதும் ஊரறிந்ததுதான். அம்மா எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டாள்.

"விஷக்கிழங்குல்லா இது! ஐயோ, எல்லாரும் தின்னாச்சே!"

அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பாவின் கைதான் எனக்குக் கண்ணில் நின்றது. கறை படிந்த விரலைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு தம்பியை முறைத்தேன். அவன் பயந்து அழுதான்.

"வயிறு வலிக்கா மக்கா?" என்று அம்மா கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஆமென்று தலையை ஆட்டினான்.

அதோடு அம்மாவின் பாதி உயிர் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மை சத்தம் கேட்டு ஓடிவந்து, புளியையும் உப்பையும் கரைத்து மூன்று பேருக்கும் குடிக்கக் கொடுத்தாள். தொண்டையில் விரலை விட்டு எங்களை வாந்தியெடுக்க வைத்தாள். அம்மா குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தாள். நடுவில், "வண்டியில போன மனுசன் எந்த ரோட்டுல விழுந்து கெடக்காரோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் ஆக ஆக, சொல்வது இன்னும் பயமாகிக்கொண்டே போனது.

தங்கை விழித்துக்கொண்டு பாலுக்கு அழுதாள். பெரியம்மை தூக்கிவந்து நீட்டினாள். அம்மா கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. என் பாலும் இப்ப விஷந்தானே."

பிள்ளை வீறிட்டு அழுதது. அம்மாவின் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மை சீனித்தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். பிள்ளை துப்பிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த அழுகை ஓயவில்லை. அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"ஏட்டி, எனக்கு என்னமாது ஆச்சுன்னா, பிள்ளைக்கு ஆட்டுப்பால்ல தண்ணி சேத்துக் குடு. ஆற வச்சுக் குடுக்கணும், கேட்டியா? தம்பியை அடிக்காண்டாம்."

"சரிம்மா" என்றேன்.

ஆம், சரி என்றுதான் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கடைசியில் என்னை உடைத்தது பிள்ளையின் அழுகை இல்லை. அது நின்றுபோனதுதான். அழுது அழுது சோர்ந்து, பெரியம்மையின் தோளில் தலை தொங்க ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தாள். செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். "விஷம் இல்லம்மா, நான்தான் டிஞ்சர் விட்டேன்!" என்று அலறினேன்.

அம்மா நம்பவில்லை. "பிள்ளை என்னைத் தேத்துகதுக்குச் சொல்லுகா" என்று பெரியம்மையிடம் சொல்லி அழுதாள். நான் குப்பியை எடுத்தேன். மூலையில் கிடந்த பச்சைக் கிழங்கு ஒன்றை ஒடித்து, சொட்டு விட்டேன். கையிலேயே பாதி சிந்தியது. கிழங்கு நீலமானது. அதைப் பார்த்துக் கை தட்ட ஆளில்லை.

அம்மா பாய்ந்து பிள்ளையை வாங்கி மார்போடு சேர்த்தாள். பிள்ளை முதலில் அசையவில்லை. பிறகு மெல்லச் சப்பியது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மை என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். அம்மா தடுத்தாள்.

"நான் சாகப் போறேன்னு சொன்ன பெறவும் நீ வாயைத் தொறக்காம, மிண்டாம நின்னியே ஏட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. யாரென்று தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா சுகமாக வந்து சேர்ந்தார். அம்மா அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெரியம்மையையும் சொல்ல விடவில்லை. எனக்கு அடி விழவே இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் துணி அலசப் போகும்போது, அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "நான் பாத்துக்கிடுகேன்மா" என்று கையை நீட்டினேன். காதில் விழாதவள்போலப் படியிறங்கிப் போனாள். தங்கை நடக்கத் தொடங்கும்வரைக்கும் அவளை என்னிடம் தனியாக விட்டுவிட்டு அம்மா எங்கேயும் போகவில்லை.