புதன்கிழமை சுப்பராயலு

எண்பத்தொன்பதாம் வருஷம். மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் என்பது பேருக்குத்தான். டைப் அடிப்பது, போன் எடுப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது, உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்புவது எல்லாம் என் தலையில். கிண்டியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் கம்பெனிகள் ஆறு மாசத்துக்கு ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வேண்டும், மூன்று மாசத்துக்கு ஒரு வெல்டர் வேண்டும் என்று கேட்பார்கள். நாங்கள் காண்ட்ராக்டில் அனுப்புவோம். முதலாளி தயாளன் சார் நல்ல மனுஷர். ஆனால் யாரிடமும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "அடுத்த வாரம் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அடுத்த வாரம் வந்து நிற்கிறவர்களின் மூஞ்சியைப் பார்க்க வேண்டியவள் நான் அல்லவா?

அப்படி வந்து நின்றவர்தான் சுப்பராயலு. முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக, இயந்திரங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர். தொழிற்சாலையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அம்மாவோடு இரும்புலியூரில் வாடகைக்கு இருந்தார். மதுராந்தகத்தில் அரிசி மண்டி வைத்திருந்த தாய்மாமன், "படம் போட்டது போதும், வந்து கல்லாவுல உட்காரு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் ஒன்றும் அமையாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். மண்டியில் உட்காருவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இந்த மனுஷருக்குப் பென்சில் பிடிக்காவிட்டால் கை சும்மா இருக்காது. காத்திருக்கிற நேரத்தில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் ஆபீஸ் மின்விசிறியைக் கழற்றிப் போட்ட மாதிரி வரைந்துகொண்டிருப்பார். ஒருமுறை மின்விசிறியைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

தவறாமல் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வருவார். ஏன் புதன் என்று கேட்டேன். "திங்கக்கிழமை உங்களுக்கு வேலை அதிகம் மேடம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போற நினைப்புல இருப்பீங்க. புதன்தான் காதுல விழும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர் அழவும் மாட்டார், அதட்டவும் மாட்டார். ஏதாவது வந்துதா மேடம் என்று கேட்பார், இல்லை என்றால் தலையாட்டிவிட்டு இறங்கிப் போவார். படி இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வரும். அவர் மேல் இல்லை, எங்கள் முதலாளி மேல்.

ஏனென்றால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள், அவரை விடக் கை சுமாரானவர்கள், ஒவ்வொருத்தராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஐப்பசி பிறந்தது. பஜாரில் பட்டாசுக் கடைக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கும் தயாளன் சார் "அடுத்த வாரம்" என்று சொல்லி அவரை அனுப்பினார். நான் பேப்பரை மெஷினிலிருந்து உருவி வைத்துவிட்டு நேரே உள்ளே போய்க் கேட்டுவிட்டேன். அந்த மனுஷர் என்ன பாவம் செய்தார், ஏன் இப்படி நடையாய் நடக்க விடுகிறீர்கள் என்று.

சார் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்தார். ஆடி மாசமே கிண்டிக் கம்பெனி ஒன்று அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு இவர்தான் வேண்டும் என்று கேட்டதாம். சார் அவர் கொடுத்திருந்த பி.பி. நம்பருக்குப் போன் செய்தாராம். பி.பி. என்றால் பக்கத்து வீட்டு போன். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் போன் ஏது? போன் இருக்கிற வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பி.பி. என்று எழுதுவார்கள். சுப்பராயலு கொடுத்தது அவர் குடியிருந்த வீட்டுக்கார அம்மா கங்கையம்மாளின் நம்பர். ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பம், நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டுப் போன் வாங்கியவர்கள். அந்த அம்மாவிடம், சுப்பராயலு இப்போ எங்கேயாவது வேலையில் இருக்காரா என்று சார் விசாரித்திருக்கிறார். ஓ, பர்மனென்ட் உத்தியோகம், கை நிறையச் சம்பளம் என்று பதில் வந்திருக்கிறது. சார் அதை அப்படியே கம்பெனிக்கும் சொல்லிவிட்டார். ஒரு இடத்தில் வேலையில் இருந்துகொண்டே இன்னொருத்தன் பிழைப்புக்கு உலை வைக்கிறான் பார் என்று அவருக்கு உள்ளுக்குள் எரிச்சல். அதை நேரே கேட்கவும் வாய் வராது. அதனால்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம்.

பர்மனென்ட் வேலைக்காரர் வாரா வாரம் புதன்கிழமை பதினோரு மணிக்கு எப்படி சார் இங்கே வந்து மின்விசிறி படம் போடுவார் என்று கேட்டேன். நைட் ஷிஃப்டாக இருக்கும் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து அந்த நம்பரைச் சுழற்றினேன்.

எடுத்தவர் கங்கையம்மாள்தான். போனில் பேசினால் இரும்புலியூரிலிருந்து தாம்பரத்துக்குப் போன் இல்லாமலே கேட்கும், அப்படி ஒரு குரல். சுப்பராயலு வேலையில் இருக்காரா என்று நான் வாயெடுத்ததும் அந்த அம்மா குழைந்துவிட்டார்.

"பொண்ணுக்கு நீ இன்னா வேணும்மா? அக்காவா, அண்ணியா?"

எந்தப் பொண்ணு என்று விழித்தேன். அந்த அம்மா காதில் வாங்கவே இல்லை. பையன் தங்கம், குடி கிடையாது, பீடி கிடையாது, நாற்காலி மேசை போட்ட உத்தியோகம், பெற்றவளை உட்கார வைத்துச் சோறு போடுகிறான் என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பின் தெரியாத ஒருத்தர் போன் செய்து, இந்தப் பையனுக்கு வேலை இருக்கா, ஆள் எப்படி என்று கேட்டால் நம் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், பெண் வீட்டார் விசாரிக்கிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று சொல்லி வைத்த ஊரில், குடியிருக்கிற பையனுக்காக இந்த அம்மா ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் புண்ணியத்தில் அந்தப் பையன் மூன்று மாசமாகப் படியேறி இறங்கிக்கொண்டிருக்கிறான்.

அம்மா, இது கல்யாண விஷயம் இல்லை, வேலை கொடுக்கிற ஆபீஸ் என்றேன். நம்பினால்தானே! பெண் வீட்டார் இப்படியெல்லாமும் ஆழம் பார்ப்பார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதா? "அதான் சொன்னேனே, வேல கீதுன்னு" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை சுப்பராயலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எதற்காக நம்பர் கொடுத்தேன் என்று வீட்டுக்கார அம்மாவிடம் தான் சொல்லவே இல்லை என்றார். வேலை போன சங்கதியே தன்னைப் பெற்ற அம்மா சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியுமாம். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "எதுக்கு மேடம் கோபம்? எனக்காகப் பொய் சொல்ல ஒருத்தங்க இருக்காங்களே" என்றார். ஆனால் தீபாவளிக்கு இருந்தது இன்னும் சில நாள்தான்.

நான் முறைத்த முறைப்பில் தயாளன் சார் அப்போதே கிண்டிக்குப் போன் போட்டார். அங்கே ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் போனில் பேசிய கம்பெனி அதிகாரி, நீங்கதானே பர்மனென்ட் வேலையில் இருக்கார்னு சொன்னீங்க, இப்போ இல்லைங்கறீங்க, நான் எதை நம்பறது என்று பிடித்துக்கொண்டார். பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற ஆள் எனக்கு வேண்டாம். ஆளை இன்றைக்கே அனுப்புங்கள், எதிரே உட்கார வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நானே போன் பண்ணி விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

போச்சுடா என்றிருந்தது எனக்கு. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வர நேரமில்லை. சுப்பராயலு ஸ்டேஷனுக்கு ஓடி மின்சார ரயில் பிடித்தார். நான் கங்கையம்மாளுக்குப் போன் செய்து கெஞ்சினேன். அம்மா, உங்களைக் கும்பிடறேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் கூப்பிடுவார், வேலை இல்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள், வேலை இருக்கு என்றால் வேலை கிடைக்காது என்றேன். நான் சொன்னது எனக்கே கிறுக்குத்தனமாக இருந்தது. "சரி, வை" என்றார் அந்த அம்மா. அந்த "சரி" எந்தச் சரி என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு நான் டைப் அடித்ததில் ஒரு வரிகூட உருப்படியாக வரவில்லை.

சாயங்காலம் நான் மெஷினை மூடி வைக்கும்போது சுப்பராயலு மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது. அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அதிகாரி அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு நம்பரைச் சுழற்றியிருக்கிறார். சுப்பராயலு இப்போ எங்கே வேலையில் இருக்கார் என்று கேட்டிருக்கிறார். இவர் மனசுக்குள் மதுராந்தகத்துக்குப் பஸ் ஏறிவிட்டாராம். அப்புறம் அந்தக் குரல் வந்திருக்கிறது. அதிகாரி காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த இவருக்கும் முழுசாகக் கேட்டிருக்கிறது.

"வேல இல்ல சார் அவனுக்கு. கம்பெனிய பூட்டிட்டாங்க. நான்தான் கீது கீதுன்னு சொல்லிகினு இருந்தேன். வேல இல்லாதவன்னு எங்க புள்ளய வெளி ஆளுகிட்ட வாயால சொல்றது எனக்கு இதான் சார் மொத தபா. சொல்ல வச்சிட்டீங்க இல்ல? வேலயக் குடுத்து அனுப்புங்க."

அதிகாரி போனை வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வந்துவிடுங்கள் என்றாராம்.