ஏலத்தில் போன தீவு

எங்கள் ஆலயத்து அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகாத பொருள் கிடையாது. வாழைக்குலை, பலாச்சக்கை, கோழி, ஆட்டுக்குட்டி, ஒரு வருஷம் ஒருத்தர் நேர்ச்சையாகக் கொண்டுவந்த ஆட்டுரல்கூடப் போயிருக்கிறது. ஆனால் தபால் தலை ஏலம் போனது ஒரே ஒரு முறைதான். அதைக் கொண்டுபோய் வைத்தவள் நான். இன்றைக்கும் எங்கள் சபையில் வயசானவர்கள் என்னைக் கண்டால், "அந்தத் தபால் தலைப் பிள்ளைதானே நீ?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையை நிமிர்த்தித்தான் சொல்லுவேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. எங்கள் வயல் தரிசாகக் கிடந்தது. வீட்டிலிருந்த தென்னைகளும் குரும்பையாகவே உதிர்த்துக்கொண்டிருந்தன. பண்டிகைக்கு யார் என்ன கொண்டுபோவது என்று பிள்ளைகள் ஒரே பேச்சு. பக்கத்து வீட்டுக்காரியின் மகள் என்னைப் பார்த்து, "ஏட்டி, உங்க வீட்டுல கொண்டுவர வல்லதும் உண்டா, இல்ல வெறும் பெட்டியச் சுமந்துட்டு வருவியா?" என்று கேட்டாள். வெறும் பெட்டியோடு ஆலயத்துக்குள் கால் வைப்பதில்லை என்று நான் அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். எனக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். எட்டு வயசிலும் நான் முடிவு செய்தால் முடிவுதான்.

எங்கள் மாமன், அம்மாவின் அண்ணன், வெகு தூரத்தில் ஒரு தீவில் தென்னந்தோப்பு மேற்பார்வை பார்த்தார். நான் பிறக்கும் முன்பே கப்பலேறிப் போனவர். அவர் வந்ததும் அத்தைக்கும் அவருக்கும் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். லேஸ் பின்னி நாகர்கோவிலில் கொண்டு கொடுப்பாள். அவள் கை ஓய்ந்து நான் பார்த்ததில்லை, குரல் உயர்ந்தும் கேட்டதில்லை.

பண்டிகைக்கு முந்தின வாரம் அந்தத் தீவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர், மாமன் கொடுத்துவிட்டதாக ஒரு பொதியைக் கொண்டுவந்தார். வாசனைச் சோப்பு, ஒரு சட்டைத் துணி, அடியில் ஒரு தாள் நிறையத் தபால் தலைகள். அதுவரை அந்தத் தீவை வெள்ளைக்காரன் ஆண்டானாம். இனி உங்களை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டானாம். அந்தச் சந்தோஷத்துக்கு அச்சடித்தவை. ஒன்றில் அவர்களுடைய புதுக்கொடி. மற்றவற்றில் அந்தத் தீவில் உள்ள உயிர்கள்: மேசை அகலத்துக்கு ஒரு கடலாமை, காலெல்லாம் சிவந்த ஒரு பறவை, பாறையிடுக்கில் மஞ்சள் மீன், தென்னையில் ஏறுகிற ஒரு நண்டு. எனக்கு அந்த நண்டின் மேல் கொள்ளை ஆசை.

"மாமனுக்கும் அங்க குடியுரிமை குடுத்தாச்சு," என்றார் வந்தவர். "வீடும் குடும்பமுமா அங்க உள்ள ஆளாவே ஆயிட்டாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா, "பிள்ளைக்கு முன்னால என்னத்துக்கு இந்தப் பேச்சு?" என்றார். அத்தை எழுந்துபோய் லேஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வந்தவர் போன பிறகும் அந்தத் தாளை யாரும் தொடவில்லை. "யாருக்கும் வேண்டாம்னா எனக்கு," என்றேன். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே அது என்னுடையதாயிற்று.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே விளைச்சல் அதுதானே? ஓலைப்பெட்டியில் வாழையிலை விரித்து, அதன்மேல் தபால் தலைகளை வைத்து, ஆராதனை தொடங்கும் முன் பீடத்தின் அருகே கொண்டு வைத்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவருக்கென்று வைத்ததை வைத்தவர்களே திரும்ப எடுக்கக் கூடாது. வேண்டுமானால் ஏலத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஏலம் விட்டவர் உபதேசியார். பூசணிக்காய் போன பிறகு என் பெட்டியைத் தூக்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "ஒரு தீவுக்காரங்க தங்களத் தாங்களே ஆளப்போறதுக்கு அடிச்ச தபால் தலையாக்கும் இது. ஆமை உண்டு, பறவை உண்டு, தென்னையில ஏறுக நண்டு உண்டு. யாருக்கு வேணும்?"

தேங்காய் வியாபாரி ஒருவர் எழுந்தார். "அந்த நண்ட எனக்குத் தாரும். மரம் ஏற ஆள் தேடி அலையாண்டாம்லா."

"வெட்டுகதெல்லாம் அதுவே தின்னுட்டுப் போவும் வே!" என்றார் இன்னொருவர்.

ஆலயமே சிரித்தது. என் பொருளால் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன். அப்போது ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அனுப்புன மாப்பிள்ள வருவாரா, இல்ல நண்டு மட்டுந்தானா?"

சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். வியாபாரி மட்டும் விளையாட்டாக, "எனக்கு ஒரு ரூவா," என்றார்.

"ரெண்டு," என்று பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டது. அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஆலயத்தில் அதுவரை ஒரு பெண் ஏலம் கேட்டதில்லை.

"ஏட்டி, இரி," என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. அத்தை இருக்கவில்லை. வியாபாரி கூட்டினார். அத்தை அதற்கு மேலே கேட்டாள். அவர் மறுபடி கூட்டினார். "பெண்ணுட்ட போட்டி போடுகீரே, நாணமில்லியா உமக்கு?" என்று அவர் மனைவியே அதட்டினாள்.

உபதேசியார் மெல்ல, "பிள்ள, நீ எவ்வளவு வரைக்கும் கேப்ப?" என்றார்.

"அவரு கேக்கதுக்கு மேல," என்றாள் அத்தை. "லேஸ் பின்னின காசாக்கும். ஆருட்டயும் கேக்க வேண்டிய காசில்ல."

வியாபாரி உட்கார்ந்துவிட்டார். மூன்று தரம் சொல்லித் தாளை அவள் கையில் கொடுத்தார் உபதேசியார்.

எனக்காகத்தான் வாங்கினாள் என்று நான் பின்னாலேயே ஓடினேன். முற்றத்தில் அத்தை பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஓரத்துப் பல்வரிசை வழியே ஒவ்வொன்றாகக் கிழித்தாள். பறவை பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்கு. ஆமையும் மீனும் வேறு பிள்ளைகளுக்கு. அதோடு விடவில்லை. வியாபாரியிடம் நேராகப் போய், "இந்தாரும் அண்ணாச்சி, உம்ம நண்டு," என்று நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு மிஞ்சியது ஒரு உயிரும் இல்லாத வெறும் கொடி.

"இவ்வளவு காசு குடுத்து வாங்கி எல்லாருக்கும் குடுத்துட்டியே!" என்று நான் காலை உதைத்து அழுதேன்.

"வாங்கினாத்தானே மக்கா குடுக்க முடியும்?" என்றாள்.

பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பந்தியில் உட்கார்ந்ததும் அத்தை அம்மாவிடம் சொன்னாள். "மைனி, உங்க அண்ணனுக்காக நான் காத்திரிக்கேன்னு இனி ஆருட்டயும் சொல்லாண்டாம்."

அம்மா இலையின் முன்னால் அப்படியே அழுதாள். அவளும் என்னைப்போல் ஒன்றும் கிடைக்காததற்கு அழுகிறாள் என்று நினைத்து, வேண்டுமானால் நீ வைத்துக்கொள் என்று என் கொடியை அவளிடம் நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் அழுகை இன்னும் கூடிற்று. அந்தப் பக்கம் அத்தை, பரிமாறுகிறவரை நிறுத்தி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக்கொண்டிருந்தாள். காசெல்லாம் போன பிறகு ஒருத்திக்கு எப்படி இவ்வளவு பசி எடுக்கும் என்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.