பூனையை வைத்து அளந்த வாசல்

என் இடது புருவத்தின் மேல் இருக்கும் தழும்பு ஒரு சொல்தாவின் கைத்தடி போட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் மண்டையைப் பிளந்தது நான் கட்டிய வாசல்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை உதறிவிட்டுச் செங்கல் சுமந்தவன். பிறகு மேஸ்திரியாகி, தருமபுரத்தில் என் கை படாத தெரு இல்லை. எஞ்சினியர் போட்ட பிளானில் தப்புக் கண்டுபிடித்து, அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருஷம் அந்த சொல்தா என்னைக் கூப்பிட்டார். கையில் குழந்தைகள் பார்க்கும் படப் புத்தகம். சரிவான ஓட்டுக் கூரை, புகைபோக்கி, நீலக் கதவு, கதவடியில் ஒரு பூனை.

"பேத்தி போன தடவ வந்தப்ப இதக் காட்டி, இதுதான் வீடு, ஒன்னோடது வீடு இல்லன்னு அழுதுச்சுய்யா. ரெண்டு நாள்ல பிரான்சுக்கே திரும்பிட்டாங்க. இந்தத் தடவையும் அது தங்கலன்னா மவ இனிமே வரமாட்டா. நான் போய்க் கூட்டிக்கிட்டு வரதுக்குள்ள இதே மாதிரி கட்டிப்புடு. ஒரு கல்லு மாறக் கூடாது."

பழைய வீட்டை ஒரே வாரத்தில் இடித்துத் தள்ளினேன். படத்தில் அளவு இல்லை. யாரையும் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. பூனை ஒரு அடி உயரம் இருக்கும். கதவு ஐந்து பூனை. ஆக, ஐந்தடி.

நிலை வைக்கும்போது கொத்தனார் இழுத்தான்.

"அண்ணே, குனிஞ்சுல்ல போவணும்போல இருக்கு."

"குளிர் நாடுடா அது. வாசல் தாழ்ந்துதான் இருக்கும்."

"பிரான்ஸ் பூனை பெருசா இருந்துட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனை ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. நிலையை ஐந்தடியிலேயே நிறுத்தினார்கள்.

அவர்கள் வந்தது ஒரு முற்பகலில். கார் நின்றதும் பேத்தி இறங்கி, கூரையைப் பார்த்து, புகைபோக்கியைப் பார்த்து, கை தட்டியது. சொல்தா ஐந்தரை அடி மனிதர். குழந்தையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பட்டாள நடையில் உள்ளே போனார். நிலைச்சட்டம் நெற்றியில் மோதிய சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. ரத்தம் மூக்கு வழியாக வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"நாய்க்கு வீடு கட்டுனியாடா, கல்லு சொமந்த பயலே" என்று கைத்தடியால் என் முகத்தில் அடித்தார்.

கல் சுமந்ததைச் சொல்லி என்னை அடித்தவர் யாரும் அதுவரை இல்லை. அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். மணல் குவியலில் விழுந்தவர் எழுந்து வந்து மறுபடியும் அடித்தார். கொத்தனார்தான் இடையில் புகுந்து என்னைக் கட்டிப் பிடித்தான். அவனை உதறிவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன்.

"ஒசரந்தானே வேணும் ஒங்களுக்கு? இந்தாங்க, எடுத்துக்குங்க."

நிலைக்கு மேலே ஓங்கிக் குத்தினேன். நான்காவது குத்தில் சுவர் வாயைப் பிளந்தது. கற்கள் நீலக் கதவின்மேல் விழுந்து பலகை நொறுங்கியது. நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. குழந்தை அலறியது எனக்குக் கேட்டது. கேட்டும் குத்தினேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

திரும்பிப் பார்த்தபோது மகள் குழந்தையைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். சொல்தா ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். நெற்றியைத் துடைத்த கையின் ரத்தம் கண்ணாடியில் ஒட்டியது. குழந்தை அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தது.

"அப்பா, நாங்க பாண்டிச்சேரிக்குப் போறோம். அங்கேருந்தே பிளேன் ஏறப் போயிடுறோம். வராதீங்க" என்றாள் மகள்.

கார் போய்விட்டது.

மூன்று நாளில் வாசலை ஏழடிக்கு உயர்த்தி, புது நீலக் கதவு மாட்டினேன். அந்தத் தெருவில் அப்படி ஒரு வாசல் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். தலையில் கட்டோடு சொல்தா வந்தார். நிமிர்ந்து உள்ளே போனார். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. நான் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.