லோரெட்டாவின் நாசம்

பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு ஆண்டின் எந்த நாளிலும் போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை வரலாம். அதனால்தான், கஞ்சா வளர்ப்பே பலருக்குப் பிழைப்பான ஹம்போல்ட் மாவட்டத்தில் எங்கள் பிரைஸ் முகட்டில், வீட்டில் கஞ்சா வளர்த்தும் ஒரு முறைகூடப் புகைக்காதவராக லோரெட்டா பிங்ஹாம் ஒருவர் மட்டுமே இருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் ஒரே ஒரு புதிய கஞ்சா வகையை உருவாக்குவதில் கழிந்தன. தண்டைக் கட்டைவிரலால் தேய்த்து மோந்து பார்ப்பார். அதுவே அவருடைய சோதனை. கேலி செய்தவர்களிடம், "சமைக்கிறவங்க எல்லாரும் பசியோடயா சமைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அவருடைய தேவை தெளிவானது. எங்கள் முகட்டில் செப்டம்பர் கடைசியில் கடலிலிருந்து மூடுபனி ஏறும்; பின்னாலேயே மழை வரும். பூங்கொத்து முற்றுவதற்குள் உள்ளிருந்து சாம்பல் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். மழைக்கு முன்பே முற்ற வேண்டும். பனியில் நனைந்தாலும் அழுகக் கூடாது. முதல் குணத்தை ஏழாம் ஆண்டிலேயே எட்டிவிட்டார். இரண்டாவது மட்டும் பிடிபடவில்லை. அவருடைய செடிகளின் பூ கல்லைப் போல் இறுகியிருந்ததால் ஈரம் உள்ளே தங்கிவிடும்.

ஆண்டுதோறும் நல்ல பெண் செடி ஒன்றும் நல்ல ஆண் செடி ஒன்றும் தேர்ந்தெடுப்பார். ஆண் செடி குளியலறைக்குள் போய்விடும், கதவிடுக்கில் ஒட்டுநாடா. உதிரும் மகரந்தத்தைக் காகிதத்தில் சேர்த்து, பெண் செடியின் ஒரே ஒரு கிளையில் தூரிகையால் தடவி, அக்கிளையில் சிவப்புக் கம்பளி நூல் கட்டுவார். எது எதனோடு சேர்ந்தது என்பதைக் குறித்த நோட்டுப் புத்தகம் பேருந்தில், ஓட்டுநர் கதவின் பையிலேயே இருக்கும். காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையில்தான் அவருக்கு எழுத நேரம் கிடைத்தது.

இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. மகரந்தம் வெளியேறினால் அக்கம்பக்கத்துப் பெண் செடிகள் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூவை ஒருவரும் வாங்கமாட்டார்கள். எட்டாம் ஆண்டில் அதுதான் நடந்தது. அடுத்த வீட்டு டெல்மர் க்ரோக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய செடிகளுக்கு லோரெட்டா மூன்று நாள் தண்ணீர் ஊற்றினார். அந்த மூன்று நாளும் அவர் அணிந்திருந்தது குளியலறையில் தூரிகை பிடித்தபோது போட்டிருந்த அதே கம்பளிச் சட்டை.

டெல்மர் வீடு திரும்பியபோது அவருடைய பிழைப்பாகிய ஊதாப் பூக்கள் அனைத்தும் விதைமயம். லோரெட்டா நேரில் சென்று தம் தவற்றை ஒப்புக்கொண்டார். டெல்மர் கதவைச் சாத்தினார். அதன்பின் அவர் லோரெட்டாவோடு பேசியதில்லை. லோரெட்டா காதில் விழும்படி பேசுவதோடு சரி. அஞ்சலகத்தில் அவரைக் கண்டால், "மகரந்த மகாராணி வர்றாங்க, எல்லாரும் ஜன்னலைச் சாத்துங்கப்பா" என்பார்.

பதினோராம் ஆண்டு ஆகஸ்டில் காட்டுத்தீ தெற்குச் சரிவில் ஏறியது. வெளியேறும் உத்தரவு வந்தபோது லோரெட்டா பேருந்துக் கொட்டகையில் இருந்தார். பதினோர் ஆண்டு விதைகளும் ஒரு தகரப் பெட்டியில், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தன. வீடு தெற்கே, வாகனமில்லாத முதியவர்கள் வடக்கே. அவர் பேருந்தை வடக்கே திருப்பினார்.

கடைசியாக ஏறியவர், அன்று வடக்கே அஞ்சலகத்துக்கு வந்து மாட்டிக்கொண்ட டெல்மர். கைத்தடியோடு ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் அமர்ந்தார். கண்ணாடியில் தெரிந்த புகையைப் பார்த்தவர், மூன்று ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக லோரெட்டாவிடமே பேசினார்.

"அந்த டப்பாவ எடுத்துட்டியா?"

"வண்டி ஓடுறப்ப டிரைவர்கிட்ட பேசக் கூடாது, டெல்மர். பெல்ட்டப் போடு."

காற்று திரும்பியதால் டெல்மரின் வீடு தப்பியது. லோரெட்டாவின் வீட்டில் எஞ்சியவை புகைபோக்கியும் குளியல் தொட்டியும்தான். நோட்டுப் புத்தகம் கையில் இருந்தது. அதில் குறித்த எதற்கும் ஒரு விதைகூட மிஞ்சவில்லை.

அந்த டிசம்பரில், தீக்குப் பின் லோரெட்டா குடியேறிய, வாகனத்தில் பூட்டி இழுத்துச் செல்லும் இழுவண்டி வீட்டின் கதவை டெல்மர் கைத்தடியால் தட்டினார். மேசை மீது ஒரு கண்ணாடிச் சாடியை வைத்தார். அதன் அடியில் பழுப்பு விதைகள். மேலே ஒட்டிய சீட்டில் கொட்டை எழுத்தில் 'லோரெட்டாவின் நாசம்' என்று எழுதியிருந்தது.

"உனக்காக ஒண்ணும் வெச்சிருக்கல. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டி உன்னைத் திட்டுறதுக்காக வெச்சிருந்தேன்" என்றார். "அப்பன் உன் செடிதானே? பாதியாவது உன்னோடது."

லோரெட்டா நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். எட்டாம் ஆண்டின் பக்கத்தில் அந்த ஆண் செடியின் தாய், தகப்பன், முற்றும் நாள் அனைத்தும் இருந்தன. தேதியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டே மறுகையால் விதைகளை எண்ணத் தொடங்கினார் என்று டெல்மர் பிறகு எங்களிடம் சொன்னார்.

நாற்பத்து மூன்று விதைகள். வெயில் படும் சன்னலோரத்தில் மூன்று ஆண்டுகள் இருந்ததால் பெரும்பாலானவை செத்திருந்தன. ஏப்ரலில் ஈரக் காகிதத்தில் மடித்து வைத்ததில் ஒன்பது முளைத்தன. விற்பனை உரிமம் இல்லாத வீட்டுக்கு ஆறு செடி என்பது சட்டம். எனவே மூன்று செடிகளை டெல்மர் வளர்க்க வேண்டியதாயிற்று. ஒன்பதில் ஐந்து ஆண். லோரெட்டா தண்டுகளைத் தேய்த்து மோந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதைத் தனியே பூட்டி வைக்க இழுவண்டி வீட்டில் இடமில்லை. டெல்மரின் குளியலறைதான் போனது. அவர் இரண்டு வாரம் ஆற்றில் குளித்தார். அஞ்சலகத்தில் இப்போது கேலிக்கு ஆளானவர் அவர்.

அந்தச் செப்டம்பரில்தான் லோரெட்டா கவனித்தார். பெண் செடிகளில் இரண்டு, தகப்பன் வழியில் சீக்கிரம் முற்றின. டெல்மரின் ஊதாச் செடி வழியில் பூ தளர்ந்து, காற்று நுழையும்படி இருந்தது. பதினோர் ஆண்டுகள் அவர் தேடிய குணம் வேலிக்கு அப்பால் இருந்திருக்கிறது. அந்தக் குணம் நிலைக்க மேலும் இரு கோடைகள் பிடித்தன. மூன்றாம் செப்டம்பரில் மழை பத்து நாள் முந்தி வந்தது. முகடெங்கும் பூக்கள் சாம்பல் பிடித்து அழுகின. லோரெட்டாவின் பூக்களோ அறுவடையாகி டெல்மரின் கொட்டகையில் தொங்கின. மழையில் சோதிப்பதற்கென்றே அவர் விட்டுவைத்த ஒரு செடியைப் பார்க்க முகடே வந்தது. ஒன்பது நாள் நனைந்த அச்செடியில் ஒரு பூ கூட அழுகவில்லை.

பிப்ரவரியில் ஊர் மன்றத்தில் விதைப் பரிமாற்ற நாள். லோரெட்டா அறுபது உறைகளோடு வந்தார். உறைகளின் மேலிருந்த பெயரைப் பார்த்ததும் டெல்மருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏய், அது கோவத்துல எழுதினது. வேற நல்ல பேரா வெய்யேன்."

"எட்டாம் வருஷம் இதுக்குப் பேரு வெச்சவன் நீ. நோட்டுல அப்படித்தான் ஏத்தியிருக்கேன். அடிச்சுத் திருத்துற பழக்கம் எனக்கு இல்ல."

டெல்மர் கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு மேசைக்குப் பின்னால், லோரெட்டாவின் பக்கத்தில் அமர்ந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அவரே உறைகளை எடுத்துக் கொடுத்தார். தாய்ச்செடி யாருடையது என்று கேளாதவர்களுக்கும் சொன்னார். நண்பகலுக்குள் அறுபதும் தீர்ந்தன. இன்று எங்கள் முகட்டில் நாசம் வளராத தோட்டம் இல்லை.